ஆறு மேல ஒம்போது அடிச்ச எட்டு

எம்பார் சாரு ரொம்ப நல்லவரு. இத மொதல்லயே சொல்லிட்றேன். நான் சொல்லப்போறத எல்லாம் கேட்டுட்டு, இந்தக் கடம்பத்தூர் சந்திரகலாவுக்கு வாய்க்கொழுப்புன்னு நீங்க சொல்லக்கூடாது பாருங்க. சொன்னாலும் பரவால்ல, வாய்க்கொழுப்பு எனக்கு இருக்கத்தான் இருக்குது, எங்க நைனாவே சொல்லிகினு இருப்பாரு. ஆனா எம்பார் சாரு நல்லவரு. யாருக்கும் கெட்டது நெனைக்கத் தெரியாது. நெனைச்சிருந்தார்னா நான் எப்பவோ கும்மிடிப்பூண்டிக்குப் போயிருப்பேன்.

எங்களுது கம்பி இழுக்கற கம்பெனி. திருவள்ளூர்ல மணவாள நகர் தாண்டிப் போனா வரும். அறுபத்தொம்போதுல அங்க ஒரு கம்ப்யூட்டரு வந்துது. வெளிநாட்ல எவனோ ஓட்டித் தேய்ச்சிட்டுத் தள்ளிவுட்ட பழசு, நமக்குப் புதுசு. ரூமுக்குள்ள கொண்டாற்துக்கு ஒரு பக்கத்து செவுத்தையே இடிச்சாங்க. எந்த குடோன்ல எவ்ளோ கம்பிச் சுருள் கெடக்குது, எது எந்த ஊருக்குப் போவணும்னு கணக்கு வெச்சிக்கறதுதான் அதுக்கு வேல. ஆனா அதுங்கிட்ட ஒரு சங்கதி சொல்லணும்னா அட்டையில ஓட்ட போட்டு உள்ள தள்ளணும். அந்த ஓட்ட போட்றவ நானு. பஞ்ச் ஆபரேட்டர்னு பேரு. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சி, டைப்ரைட்டிங் ஹயர் பாஸ் பண்ணிட்டு, காலைல கடம்பத்தூர்ல ரயில் ஏறி வந்து, நாள் பூரா அட்டையில ஓட்ட போட்டுட்டு ஊட்டுக்குப் போவேன். உன் பொண்ணு இன்னா வேல செய்யறான்னு கேட்டா, எங்கம்மா ‘அட்டைய ஓட்ட போட்றா’ன்னு சொல்லும். கேட்டவங்க அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

நான் குத்தின அட்டைய மிஷினுக்குள்ள வெச்சி எடுக்கறவரு துலுக்காணண்ணன். பழவேற்காட்டுப் பக்கம், ஏரியில வல போட்ற குடும்பம். அந்தக் குடும்பத்துல பொறந்துட்டு, ஏசி ரூமு கெடைச்சப்புறம் வெயில்னா இன்னான்னே மறந்து போன மனுஷன். மத்தியானம் சாப்ட்டுட்டு மிஷினுக்குப் பின்னால ஒரு தூக்கம் போடுவாரு. அந்த மிஷினு போட்ற சத்தத்துல அவரு கொறட்ட யாருக்கும் கேக்காது.

மிஷினு இன்னா செய்யணும், எப்டி செய்யணும்னு எழுதறவருதான் எம்பார் சாரு. ப்ரோக்ராமரு. வீரராகவப் பெருமாள் கோயில் தெருவுல ஊடு. அவுங்கப்பா கோயில் மடப்பள்ளியில கைங்கரியம் செஞ்சவரு. சாரு கணக்குல பட்டம் வாங்கி, பம்பாய் போயி இந்த மிஷினப் படிச்சிட்டு வந்தாரு. நெத்தியில திருமண் இல்லாம அவர நான் பாத்ததே இல்ல. மிஷின் ரூமுக்குள்ள செருப்பு போடக்கூடாது, அது தூசிக்காக. சாரு ரூம உட்டு வெளிய வரும்போது மிஷினுக்கு முதுகு காட்டாம பின்பக்கமாவே நடந்து வருவாரு, அது எதுக்காகன்னு நாங்க யாரும் கேக்கல. மிஷின அவரு பேர் சொல்லிக் கூப்ட மாட்டாரு. பெரியவர்னுதான் சொல்லுவாரு. பெரியவருக்கு இன்னிக்கு சித்த நேரம் ஓய்வு குடுங்கோம்பாரு. எங்களுக்கு அந்த மாதிரி ஒரு ஓய்வு குடுக்கணும்னு அவருக்குத் தோணினதே இல்ல.

எழுபத்தாறுல கம்பெனி கும்மிடிப்பூண்டியில இன்னொரு பேக்டரி கட்டிச்சு. அங்க புதுசா ஒரு கம்ப்யூட்டரு எறக்கினாங்க. பீரோ அளவுக்குத்தான் இருக்கும். அதுக்குள்ள டிஸ்க்குன்னு ஒண்ணு, பெரிய தாம்பாளத் தட்டு மாதிரி, கிர்ருன்னு சுத்திகினே இருக்கும். கணக்கு பூரா அந்தத் தட்டுலயே எழுதி வெச்சிக்கும், அட்டையே தேவப்படாது. எதுக்க உக்காந்து டைப் அடிச்சா போதும், அதுவே பதில் அடிச்சிக் குடுக்கும். அந்த மிஷினுக்குப் பொறுப்பு சாலமோன் சாரு.

ஒரு தரம் அட்டைக் கட்டு ஒண்ண குடுத்துட்டு வரச் சொல்லி என்னை அங்க அனுப்பினாங்க. ரெண்டு ரயில் மாறிப் போனேன். சாலமோன் சாரு, ‘உக்காந்து அடிச்சிப் பாக்கறியாம்மா’ன்னாரு. உக்காந்தேன். எட்டாம் நம்பர் குடோன்ல எவ்ளோ சுருள் இருக்குதுன்னு அடிச்சேன். நான் வெரல எடுக்கறதுக்குள்ள அது பதில் சொல்லிச்சு. இத்தினி வருசமா நான் மிஷினுக்காக ஓட்ட போட்டிருக்கறேன், ஒரு மிஷினு எனக்குன்னு ஒரு வார்த்த சொன்னது அன்னிக்குத்தான். திரும்பி வரும்போது ரயில்ல இன்னா கூட்டம், எங்க எறங்கினேன், ஒண்ணும் தெரியல. எனக்கு அந்த வேல வோணும், அவ்ளோதான். அதுக்கு முன்னால ஒரு வஸ்துவ நான் அப்டி ஆசப்பட்டதே இல்ல.

அதுக்கு வழியும் இருந்துச்சு. எங்க ஜி.எம். சொல்லிட்டாரு: திருவள்ளூர் மிஷின மூடினா, இங்க இருக்கற ஆளுங்களுக்கு கும்மிடிப்பூண்டியில ட்ரெய்னிங் உண்டு. மூடாத வரிக்கும் கெடையாது, ஏன்னா இங்க வேல பாக்க ஆள் வோணும் இல்ல. ட்ரெய்னிங்குக்கு இருபத்தெட்டு வயசு தாண்டக் கூடாது. எனக்கு அப்பவே இருபத்தாறு முடிஞ்சி போச்சு. துலுக்காணண்ணனுக்கு அந்த வயசெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு, மூடினா கம்பி இழுக்கற ஷெட்டுக்குத்தான் போவணும். அதனால அவரு பெரியவர் நல்லாருக்கணும்னு வேண்டிகினாரு. நான் எதுத்தாப்ல வேண்டிகினேன். ஒரே ரூம்ல உக்காந்துகினு, ஒரே சாமிகிட்ட.

சாமிக்குக் கொழப்பமே வராம எம்பார் சாரு பாத்துகினாரு. புது மிஷினுக்கு இன்னா ப்ரோக்ராம் வோணும்னாலும் அதயே பழசுக்கும் ஒரு தரம் எழுதிடுவாரு. மொதல்ல பழசுக்கு, அப்புறம்தான் புதுசுக்கு. ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓடணும், ஒரு எழுத்து மாறக்கூடாது. ஜி.எம். கூப்ட்டுக் கேட்டாரு, “ஏன்யா எம்பார், ஒரே வேலய ரெண்டு தரம் செய்யறீர்? பழச உட்டுத் தொலையுமேன்.”

“எப்படி சார் விடறது? உற்சவர் வீதி புறப்பாடு போயிட்டார்ங்கறதுக்காக மூலவருக்குத் தளிகைய நிறுத்திடறோமா?” அப்டின்னாரு எம்பார் சாரு. கும்மிடிப்பூண்டிக்குப் போனது உற்சவராம், இங்க இருக்கறது மூலவராம்.

ஜி.எம்.மும் திருவள்ளூர்க்காரருதான். வருசா வருசம் தை அமாவாசைக்குக் கோயில் கொளத்துல வெல்லம் கரைக்கறவரு. கம்ப்யூட்டரு பெருமாள் இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. மூடற தேதி தள்ளிப் போச்சு.

அப்புறம் பெரியவருக்கு ஒவ்வொரு ஒறுப்பா போவ ஆரமிச்சுது. மொதல்ல அது கணக்க ஞாபகம் வெச்சிக்கற பெட்டியில ஒரு மூல கருகிப் போச்சு. மாத்தறதுக்கு சாமான் கெடையாது, அத செஞ்ச கம்பெனிக்காரனே கைய விரிச்சிட்டான். எம்பார் சாரு எல்லா ப்ரோக்ராமையும் எடுத்து வெச்சிகினு, அந்தக் கருகின மூல பக்கமே போவாத மாதிரி மாத்தி எழுதினாரு. அத்தினி அட்டையும் நான் திருப்பிக் குத்தினேன். அது எப்படா மூடும்னு நான் ஏங்கறது ஒண்ணு, அது பொழைக்க என் கையே செய்யறது இன்னொண்ணு.

அடுத்து ப்ரிண்டருல எட்டு போச்சு. எட்டுங்கற அச்சு ஒடைஞ்சி வுழுந்துடிச்சு. எட்டு இல்லாம கம்பிக் கணக்கு எப்டி அடிக்கறது? இதோட ஒழிஞ்சுதுன்னு நான் நெனைச்சேன். சாரு ரெண்டு நாள் தாடைய தடவிகினு உக்காந்திருந்தாரு. அப்புறம் ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு பாருங்க. எட்டு வர்ற எடத்துல எல்லாம் மொதல்ல ஆறு அடிக்கும், தாள நவுத்தாம அதும் மேலயே ஒம்போதும் அடிக்கும். ரெண்டும் சேந்தா எட்டு மாதிரியே இருக்கும், கொஞ்சம் குண்டா. குடோன்காரங்க பாத்துட்டு, ‘எட்டு இப்பத்தான் பளிச்சுன்னு தெரியுது சார்’னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா ஒண்ணு, அந்தத் தாள பாத்தப்போ மனசுக்குள்ள கெட்டிக்காரன்யான்னு சொல்லத்தான் செஞ்சேன்.

இதுல கூத்து இன்னான்னா, ரெண்டு மிஷின்லயும் ஒரே மாதிரி ஓடணும் இல்ல? கும்மிடிப்பூண்டி ப்ரிண்டருல எட்டு கல்லு மாதிரி நல்லா இருக்குது. அதுவும் ஆறு மேல ஒம்போது அடிக்க ஆரமிச்சிடிச்சு. சாலமோன் சாரு தாள எடுத்துகினு ரயில் ஏறி திருவள்ளூருக்கே வந்துட்டாரு.

“எம்பார் சார், இது இன்னா சார் நியாயம்? என் மிஷின்ல எட்டு இருக்குது சார்.”

“இருக்கட்டுமே. பெரியவர்கிட்ட இல்லையே.”

“அவருகிட்ட இல்லன்னா என்னுது இன்னா பண்ணும்? அவுருக்குக் கால் ஒடைஞ்சா என் மிஷினும் நொண்டணுமா? டிஸ்க்க வெச்சிகினு நான் அட்டையில படிச்சிகினு இருக்கறேன். நாலு மடங்கு வேகமா ஓடற மிஷின வாங்கி, அதுங்கிட்ட இவரு வேகத்துக்கு ஓடுன்னு சொல்றீங்க. நல்லா இருக்குதா உங்களுக்கே?”

“நாளைக்கே உங்களவர் படுத்துண்டார்னா?”

“புதுசு சார் அது.”

“புதுசெல்லாம் படுத்துக்காதா என்ன?” அப்டின்னு சிரிச்சாரு எம்பார் சாரு. சாலமோன் சாருக்குக் காப்பி வாங்கியாந்து குடுத்து, ஸ்டேஷன் வரிக்கும் போயி வழியனுப்பிட்டும் வந்தாரு. ஆறு மேல ஒம்போது மட்டும் நிக்கல.

அன்னிக்கு சாயங்காலம் நான் நேராவே கேட்டுட்டேன். “சார், இத மூடிட்டா எனக்கு கும்மிடிப்பூண்டி ட்ரெய்னிங் கெடைக்கும். எனக்கு அங்க போவணும் சார். இன்னும் ஒரு வருசத்துல வயசு தாண்டிடும்.”

அவரு கண்ணாடிய கழட்டித் தொடைச்சிகினே என்னைப் பாத்தாரு. பாவமா பாத்தாரு. “எதுக்கும்மா ஒனக்கு அந்த அலைச்சல்? ரெண்டு வண்டி மாறிண்டு, இருட்டினப்பறம் ஆத்துக்கு வந்துண்டு. நாளைக்குக் கல்யாணம் ஆகப்போற பொண்ணு. கவலப்படாதே, இத மூட நான் விட மாட்டேன். ஒன்ன அப்படி விட்டுடுவேனா?”

வுட்டுடுங்க சார்னுதான் நான் சொல்லிகினு இருக்கறேன். அவரு காதுல அது வுழவே இல்ல. மறுநாள்லேர்ந்து தெனம் காலைல வந்ததும், ‘பயப்படாதேம்மா’ன்னு ஒரு தரம் சொல்லிட்டுத்தான் உக்காருவாரு. பேஜாரு புடிச்சிப் போச்சு எனக்கு.

எழுபத்தேழுல புதுசா டைரக்டர் ஒருத்தரு வந்தாரு. அவருக்கு மூலவரும் தெரியாது, உற்சவரும் தெரியாது. ரெண்டு எடத்துல ஒரே வேல எதுக்குன்னு ஒரே கேள்வி. ஆயுத பூஜ முடிஞ்ச கையோட திருவள்ளூர் மிஷின மூடிடணும்னு ஆர்டர் போட்டுட்டாரு. ட்ரெய்னிங் லிஸ்ட்டுல என் பேரு. துலுக்காணண்ணன் என்கிட்ட பேச்ச நிறுத்திட்டாரு. நான் ஊட்ல எல்லாருக்கும் சொல்லி, எங்கம்மாவும் ‘எம்பொண்ணு கும்மிடிப்பூண்டியில டைப் அடிக்கப் போறா’ன்னு தெருவுல சொல்லி ஆச்சு. எனக்கு இருபத்தெட்டு முடிய மூணு மாசம் இருந்துச்சு.

ஆயுத பூஜ அன்னிக்கு எம்பார் சாரு பெரியவருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வெச்சி, தோள்ல மால சாத்தி, கற்பூரம் காட்டினாரு. கண்ணுல தண்ணி. கடைசி பூஜ இல்லயா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. போவட்டும்பா, நல்லபடியா அனுப்பி வெப்போம்னு நானும் ரெண்டு சாமந்தி எடுத்து வெச்சேன்.

கும்மிடிப்பூண்டியிலயும் அதே நேரத்துல பூஜ. அங்க இருந்தவங்க சொல்லி எனக்குப் பின்னால தெரிஞ்சுது. அந்த டிஸ்க்குத் தட்டு இருக்குதே, அதும் மேல படிக்கற முள்ளு தட்டத் தொடாம, மயிரெழ எடத்துல மெதந்துகினு ஓடுமாம். பொகத்தூள் ஒண்ணு நடுவுல போனாலும் முள்ளு முட்டிகினு தட்டக் கீறிடுமாம். சாலமோன் சாருக்கு இது நல்லாவே தெரியும். பீடி குடிச்சிட்டு வந்தவனக் கூட வாசல்லயே நிறுத்திடுவாரு. அன்னிக்கு ஷெட்டு ஆளுங்க பெரிய சட்டியில சாம்பிராணி போட்டு, பொக மூட்டமா தூக்கிகினு வந்து நின்னாங்க. வேணாம்னு சொல்லணும்னு அவருக்கு வாய் வரிக்கும் வந்துது. ஆனா அவரு பேரு சாலமோன். வேணாம்னா, வேதக்காரரு அதான் பூஜய தடுக்கறாருன்னு பேச்சு வந்துடும். வேற பேரு வெச்சவரா இருந்தா வெரட்டி அடிச்சிருப்பாரு. இவரு கதவத் தொறந்து வுட்டாரு. அது மட்டுமா, மனசுல ஒண்ணும் இல்லன்னு காட்டிக்கறதுக்காக, ‘நல்லா காட்டுங்கப்பா, மூல மூலயா காட்டுங்க’ன்னு தானே சட்டிய வாங்கி, மிஷினோட கதவத் தொறந்து உள்ளேயும் காட்டினாராம்.

விஜயதசமி அன்னிக்கு ஸ்விட்ச்சு போட்டா, தகர டப்பாவுல ஆணியால கீறற சத்தம். தட்டும் போச்சு, முள்ளும் போச்சு. அதுல இருந்த கணக்கு பூராவும் போச்சு. புது சாமானு கப்பல்ல வரணும், மாசக் கணக்குல ஆவும்னுட்டாங்க. இங்க பெரியவரு மூஞ்சி பூரா சந்தனத்தோட, ஒண்ணும் ஆவாத மாதிரி அட்டைய தின்னுகினு இருந்தாரு.

கும்மிடிப்பூண்டி வேல பூரா திருவள்ளூருக்கு வந்துது. எல்லா ப்ரோக்ராமும்தான் பழசுக்கும் எழுதி ரெடியா இருக்குதே, கணக்கும் அட்டையில இருக்குதே. கம்பெனி ஒரு நாள் கூட நிக்கல. எம்பார் சாருக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னு வாட்ச்மேன்லேர்ந்து டைரக்டர் வரிக்கும் பேச்சு. டைரக்டரே நேர்ல வந்து பெரியவரத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு. நான் ரெண்டு பேக்டரி அட்டையையும் சேத்துக் குத்தினேன். வெரல் வீங்கிப் போயி ராத்திரி சோத்தப் பெசைய முடியாது. மூடற ஆர்டரு ரத்து. ட்ரெய்னிங்கும் ரத்து. தை பொறக்கறதுக்குள்ள எனக்கு இருபத்தெட்டு முடிஞ்சிடிச்சு.

பொங்கலுக்குக் கேன்டீன்ல எம்பார் சாருக்குப் பாராட்டு விழா வெச்சாங்க. சாலமோன் சாரு அதுக்கு முன்னாலயே ராஜினாமா குடுத்துட்டு பெங்களூருக்குப் போயிட்டாரு. ஜி.எம். மால போட்டுட்டு, “எம்பார், உமக்கு இன்னா வோணும், கேளும். கம்பெனி குடுக்கும்”னாரு.

சாரு கைய கூப்பிகினு நின்னாரு. “எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். என்கூட இந்தப் பொண்ணு சந்திரகலா இருக்கா. ரெண்டு வருஷமா இந்த செக்‌ஷன மூடிடுவாளோ மூடிடுவாளோன்னு தவிச்சுப் போயிட்டா. அவளுக்கும் துலுக்காணத்துக்கும் இந்த செக்‌ஷன்லயே பர்மனெண்ட் பண்ணிக் குடுங்கோ. எங்கயும் மாத்தக் கூடாது. அது போறும் நேக்கு.”

கேன்டீனே கை தட்டிச்சு. துலுக்காணண்ணன் அழுதுட்டாரு. நான் எழுந்து, “எனக்கு இது வேணாம் சார், எனக்கு கும்மிடிப்பூண்டிதான் வோணும்”னு சத்தமாவே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஜி.எம். மைக்குல, “பாத்தீங்களா, தனக்குன்னு கேக்கவே கூச்சப்படுது”ன்னாரு. மறுபடியும் கை தட்டினாங்க. ஆர்டர என் கையில குடுத்து போட்டோவும் எடுத்துகினாங்க. அந்த போட்டோவுல நான் மொறைச்சிகினு நிக்கறேன்.

அதே மேடையில ஜி.எம். இன்னொண்ணும் சொன்னாரு. சாலமோன் எடத்துக்கு ஆள் வோணும், புது மிஷினுக்கும் பழசுக்கும் எழுதத் தெரிஞ்சவரு எம்பார் ஒருத்தருதான், அதனால கும்மிடிப்பூண்டிக்கு இனிமே அவருதான் பொறுப்புன்னு. சாரு மொகம் செத்துப் போச்சு. மாட்டேன்னு மன்றாடிப் பாத்தாரு. உட்டாதானே. போற அன்னிக்குப் பெரியவர் முன்னால நெடுஞ்சாண் கெடையா வுழுந்து சேவிச்சாரு. போவ மாட்டேன்னு அவரு அழுவறாரு, போவ முடியலன்னு நான் நிக்கறேன். நடுவுல துலுக்காணண்ணன் ரெண்டு பேருக்கும் ஆறுதல் சொல்றாரு.

மொதல்ல வாரத்துக்கு ரெண்டு லெட்டரு வரும், பெரியவருக்கு இங்க எண்ண போடு, அங்க தொடைன்னு. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. புது தட்டு வந்து மாட்டினாங்க, வேலயும் ஒவ்வொண்ணா அங்கயே போவ ஆரமிச்சுது. காலேஜ் படிச்ச ரெண்டு பேர அங்க வேலைக்கு எடுத்தாரு. அந்த மிஷின்ல எட்டு எட்டாவே அடிக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

எழுபத்தொம்போது ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்கு வந்தவரு, அப்டியே செக்‌ஷனுக்கும் வந்தாரு. கொஞ்சம் சதை போட்டிருந்தாரு. உக்காந்து, கும்மிடிப்பூண்டி மிஷினப் பத்தியே பேசிகினு இருந்தாரு. டிஸ்க்குன்னு சொல்லும்போதெல்லாம் மொகம் பூத்துப் போவுது. அப்புறம் மெதுவா சொன்னாரு.

“இனிமே இதுக்கு எழுதறதா இல்லம்மா. எத்தன நாளைக்கு ரெண்டு எடத்துக்கு எழுதிண்டிருக்கறது? இதுக்காக அதோட கையையும்னா கட்டிப் போட்டுண்டிருக்கோம். நானே ஜி.எம்.கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாம் அங்கதான்.”

“இதத்தான சார் அன்னிக்கு சாலமோன் சாரு சொன்னாரு?”

“ஆமாம். அன்னிக்கு நேக்குப் புரியல.” சாதாரணமாத்தான் சொன்னாரு. அதுல ஒரு வருத்தமும் எனக்குத் தெரியல.

“அப்ப நான் அங்க வந்துட்றேன் சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“வயசு தாண்டிடுத்தேம்மா. ரூல் இருக்கு. அதுவுமில்லாம நீதான் பர்மனெண்டாச்சே.” எழுந்து என் தலைக்கு மேல கைய வெச்சாரு. எங்க நைனா வெக்கற மாதிரியே வெச்சாரு. “நானே கேட்டு வாங்கிக் குடுத்தது. இந்த செக்‌ஷன்லேர்ந்து ஒன்ன யாராலயும் அசைக்க முடியாது. ஒனக்கென்ன கொறச்சல்?”

நல்ல மனசோடதான் சொன்னாரு. அதான் எனக்குத் தாங்கல. திட்டறதுக்கு ஒரு வார்த்த கூட வாயில வரல, எனக்கு.

அவரு போனப்புறம் துலுக்காணண்ணன் மிஷினுக்குப் பின்னாலேர்ந்து தலைய நீட்டி, “இன்னா தங்கச்சி, சாரு இன்னா சொல்லிட்டுப் போறாரு?”ன்னு கேட்டாரு.

“நம்மள யாரும் அசைக்க முடியாதாம்ணே.”

“அது போதும்”னுட்டு அவரு திரும்பப் படுத்துகினாரு. நான் கண்ணத் தொடைச்சிகினு என் பஞ்ச் மிஷின ஆன் பண்ணேன். அட்ட ஒண்ண எடுத்து மாட்டினேன். அன்னிக்கு வேல அதுக்குள்ள முடிஞ்சி போச்சு, அதுல குத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. மணி பத்தரைதான் ஆயிருந்துச்சு.